ஏ4988 சிப்பின் அடிவயிற்றுச் சூடு: மூன்று போர்டு, ஒரு அலுமினியப் பட்டை

மூன்று ஏ4988 ஸ்டெப்பர் டிரைவர்கள் (அடி அடியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டாரை ஓட்டும் சிப்புகள்), ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் அமைப்பில், மூடிய அலுமினியப் பெட்டிக்குள் விசிறி இல்லாமல் ஆறு மணி நேரம் ஓடி முடித்துவிட்டன. சிப்பின் உள்வெப்பம் 85 டிகிரியைத் தாண்டவில்லை. முதல் போர்டில் இதே சிப், இதைவிடக் குறைந்த ஆம்பியரிலேயே நாலு நிமிடத்தில் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. இடையில் செய்தவை, வீணானவை, பலன் தந்தவை எல்லாம் அளவுகளோடு கீழே.

வேலை ஒரு பேனா பிளாட்டருக்கான, அதாவது பேனாவைப் பிடித்துத் தானே வரையும் இயந்திரத்துக்கான, கட்டுப்பாட்டுப் போர்டு. கடையில் கிடைக்கும் சிறிய மாட்யூலைச் செருகாமல், சிப்பையே நேராகப் போர்டில் சால்டர் செய்ய வேண்டும் என்பதுதான் திட்டம். ஏ4988 என்பது 5 மி.மீ. சதுரம், 28 கால், க்யூஎஃப்என் பேக்கேஜ். கால்கள் நாலு ஓரத்திலும் அடியில் ஒட்டியிருக்கும். நடுவில் 3 மி.மீ. சொச்சம் அகலத்தில் ஒரு சதுர உலோகத் தகடு. இனி அதை அடித்தகடு என்றே சொல்கிறேன். சிலிக்கான் துண்டு அந்தத் தகட்டின் மேல்தான் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆகவே சூடு வெளியேறும் வாசலும் அதுதான். மேலே தெரியும் கறுப்புப் பகுதி வெறும் எபாக்ஸி வார்ப்பு. வெப்பத்தைக் கடத்துவதில் தாமிரத்தோடு ஒப்பிட்டால் சில நூறு மடங்கு மட்டம்.

டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) சொல்வது: நாலு அடுக்குப் போர்டில் உள்வெப்பம் ஒரு வாட்டுக்கு 32 டிகிரி உயரும். 165 டிகிரியில் சிப் அணையும், 15 டிகிரி இறங்கியதும் மீண்டும் எழும். அந்த 32 என்ற எண்ணை நம்பி இரண்டு அடுக்குப் போர்டு வரைந்ததுதான் முதல் தவறு. அது சிப்பின் குணம் மட்டும் அல்ல, சிப்பும் அது உட்கார்ந்த போர்டும் சேர்ந்து தரும் எண்.

முதலில் அளக்கும் வழி

அளக்கத் தெரியாமல் எதை மாற்றினாலும் இருட்டில் கைவிட்டுத் துழாவுவதுதான். துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானியை வைத்துத் தொடங்கியது பெரிய திசைதிருப்பல். சிப் 165 டிகிரியில் அணைந்துகொண்டிருந்தபோது அது 71 காட்டியது. அந்த வகைக் கருவி 10 செ.மீ. தூரத்திலும் 8 மி.மீ.க்கு மேற்பட்ட வட்டத்தைச் சராசரி செய்கிறது, 5 மி.மீ. சிப்பைச் சுற்றியுள்ள குளிர்ந்த போர்டும் கணக்கில் சேர்ந்துவிடும். பளபளக்கும் அலுமினிய ஹீட் சிங்க் மீது காட்டினால் இன்னும் மோசம்: 38 என்றது, விரல் வைக்க முடியவில்லை. பளபளப்பான உலோகத்தை அளக்கும்போது ஒரு துண்டுக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன் மேல் அளந்தால்தான் எண் உருப்படியாக வரும்.

அடுத்து கே வகைத் தெர்மோகப்பிள், அதாவது முனையில் சூட்டை உணரும் ஒயர். மல்டிமீட்டரோடு வரும் தடித்த மணிமுனை ஒயர் வேண்டாம். அந்த ஒயரே சூட்டை உறிஞ்சி, சிப்பின் மேற்பரப்பை 8 முதல் 10 டிகிரி குறைத்துக் காட்டியது. 0.1 மி.மீ. ஒயரை எடுத்து, முனையில் கடுகளவு தெர்மல் பேஸ்ட், பக்கத்தில் ஒரு துளி சூப்பர் குளூ, பிறகு ஒயரைச் சிப்பின் உடலோடு ஒட்டினாற்போல் 5 மி.மீ. படுக்க வைத்து வெளியே எடுத்தால் சரியாக வருகிறது.

ஆனால் இரண்டுமே மேற்பரப்பைத்தான் அளக்கின்றன. உள்ளே என்ன சூடு என்பதற்குச் சிப்பையே வெப்பமானியாக்கினேன். இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏ4988-இன் உள்ளே சுவிட்சுகளாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்களான மாஸ்ஃபெட்டுகளின் தடை, சூடு ஏற ஏற அதிகமாகும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு மாஸ்ஃபெட்டுகள் வழியாக மின்னோட்டம் போகிறது. டேட்டாஷீட்டில் ஒவ்வொன்றும் 0.32 ஓம், இரண்டும் சேர்ந்து 0.64. இந்தத் தடையை அளந்தால் உள்வெப்பம் தெரிந்துவிடும். மோட்டாரைக் கழற்றிவிட்டு இரண்டு காயில் முனைகளிலும் ஆளுக்கு ஒரு 100 ஓம், 2 வாட் ரெசிஸ்டர். மோட்டார் சப்ளை 10 வோல்ட். சிப் விழித்ததும் வந்து நிற்கும் தொடக்க நிலையில் இரண்டு காயில்களும் ஒரே அளவு ஓட்டத்தில் இருக்கும். ஸ்டெப் பல்ஸ் எதுவும் தர வேண்டாம். ஓட்டம் ஏறக்குறைய 0.1 ஆம்பியர், சிப்புக்குள் உண்டாகும் சூடு 13 மில்லிவாட், அதாவது ஒன்றுமே இல்லை. போர்டைச் சூட்டுத் தட்டில் வைத்து, மேலே ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து, ஒவ்வொரு வெப்பநிலையிலும் இருபது நிமிடம் விட்டு, மேல் மாஸ்ஃபெட்டின் இறக்கத்தையும் கீழ் மாஸ்ஃபெட்டின் இறக்கத்தையும் மல்டிமீட்டரில் மில்லிவோல்ட்டில் அளந்து கூட்டினேன். கிடைத்த ஜோடித் தடை:

30 டிகிரியில் 0.65 ஓம்
60 டிகிரியில் 0.73
90 டிகிரியில் 0.82
120 டிகிரியில் 0.92

இதே வளைவை நீட்டினால் 165-இல் சுமார் 1.07. சிப்புக்குச் சிப் இரண்டு மூன்று சதவீதம் மாறுகிறது. ஆகவே ஒவ்வொன்றையும் அறை வெப்பத்தில் ஒருமுறை அளந்து, அந்த விகிதத்தில் திருத்திக்கொள்ள வேண்டும்.

சோதனைக்கு 100 ஓமை எடுத்துவிட்டு 10 ஓம், 25 வாட் அலுமினிய உறை ரெசிஸ்டர்கள். இவற்றைப் போர்டிலிருந்து அரை மீட்டர் ஒயரில் தள்ளி ஒரு தகட்டில் திருகி வைக்க வேண்டும், இல்லையென்றால் அவற்றின் சூடும் போர்டுக்கு வரும். ஓட்டத்தைச் சிப் அளக்கும் சென்ஸ் ரெசிஸ்டர் 0.1 ஓம், ஓட்ட வரம்பை வைக்கும் ரெஃபரன்ஸ் மின்னழுத்தத்தை 1.8 வோல்ட்டுக்கு ஏற்றியதால், சோதனை எல்லைக்குள் சிப் ஓட்டத்தை நறுக்காமல் (வேகமாக அணைத்து அணைத்துப் போடாமல்) முழுக்கத் திறந்தே இருக்கும். நறுக்கல் இல்லாததால் சாதாரண மல்டிமீட்டரே போதும். இறக்கத்தை ஓட்டத்தால் வகுத்தால் உள்வெப்பம், இறக்கத்தை ஓட்டத்தால் பெருக்கி இரண்டு காயிலுக்கும் கூட்டினால் வாட். ஒரே அளவீட்டில் இரண்டும். மீட்டர் முனையைச் சிப்பின் காலிலேயே வையுங்கள். போர்டின் டிராக்கைச் சேர்த்து அளந்தால் அதன் தடையும் கலந்து, உள்வெப்பம் 10 டிகிரி கூடுதலாகத் தெரியும்.

இலக்கும் இதிலிருந்தே வந்தது. 1.5 ஆம்பியர் அமைப்பில், அந்தத் தொடக்க நிலையில், ஒவ்வொரு காயிலிலும் 1.06 ஆம்பியர் நிற்கும். 120 டிகிரியில் ஜோடித் தடை 0.92 என்றால் ஒரு சிப்பில் 2.07 வாட். மூடிய பெட்டிக்குள் காற்று 50 டிகிரி ஆகும் என்று வைத்தால், ஒரு வாட்டுக்கு 33 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும்.

முதல் போர்டு: அடியில் வாசல் இல்லை

80-க்கு 60 மி.மீ., இரண்டு அடுக்கு, 1.6 மி.மீ. தடிமன், 35 மைக்ரான் தாமிரம். அடித்தகட்டுக்கு மேலடுக்கில் ஒரு சதுரத் தாமிரம் வரைந்திருந்தேன், வயா (மேலடுக்கையும் கீழடுக்கையும் இணைக்கும், சுவரில் தாமிரம் பூசிய துளை) ஒன்றும் போடவில்லை. சுற்றிலும் கால்கள் இருப்பதால் அந்தச் சதுரம் ஒரு தீவு. 3, 18 ஆகிய இரண்டு கிரவுண்ட் கால்கள் வழியாக மட்டும் வெளியே போக ஒரு ஒற்றையடிப் பாதை. கீழடுக்கில் முழு கிரவுண்ட் தாமிரம் இருந்தும் பயனில்லை. 1.6 மி.மீ. எஃப்ஆர்4 (கண்ணாடியிழை) பலகை, அந்தச் சிறிய சதுர அளவுக்கு மட்டும் கணக்கிட்டால், ஒரு வாட்டுக்கு 500 டிகிரிக்கு மேல் தடுக்கிறது.

அறை 32 டிகிரி. 0.85 ஆம்பியரில் நாலாவது நிமிடம் அணைந்தது. சில விநாடிகளில் எழுந்தது, மறுபடி அணைந்தது. மோட்டார் கோத்திருந்தபோது இதுவே பிடிமானம் திடீரென்று விட்டுப்போய், ஒரு 'டக்' சத்தத்தோடு திரும்ப வரும் கோளாறாகத் தெரிந்தது. பேனா கோட்டை இடம் மாற்றி வரைகிறது என்று ஸ்டெப் கணக்கையும் பெல்ட்டையும் இரண்டு நாள் சோதித்தேன். உங்கள் இயந்திரம் தொடங்கிய சில நிமிடங்கள் சரியாக ஓடி, பிறகு ஒழுங்கான இடைவெளியில் அடி தவறினால், பெல்ட்டைத் தொடுமுன் சிப்பைப் பாருங்கள்.

கணக்கு: 1.55 வாட்டுக்கு 133 டிகிரி ஏற்றம். ஒரு வாட்டுக்கு 86.

இதன் மேல் 9 மி.மீ. சதுர ஹீட் சிங்கை ஒட்டிப் பார்த்தேன், அதோடு வரும் ஒட்டு டேப்பிலேயே. 86 என்பது 71 ஆனது. அணையும் ஓட்டம் 0.85-இலிருந்து 0.93-க்கு உயர்ந்தது, அவ்வளவுதான். எபாக்ஸி வழியாக வரும் சூடு குறைவு. வந்ததையும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு காற்றில் விடுவது மெல்ல. இந்த பேக்கேஜுக்கு மேலே ஹீட் சிங்க் ஒட்டுவது, வாசலை அடைத்துவிட்டுச் சன்னலை அகலப்படுத்துவதுதான். வேறு வழியே இல்லாத பழைய போர்டுக்கு மட்டும் அது சரி.

முதல் போர்டில் இன்னொரு தவறு சால்டர் பேஸ்ட். வீட்டில் சுலபம் என்று 138 டிகிரியில் உருகும் தகரம்–பிஸ்மத் பேஸ்ட்டைப் போட்டிருந்தேன். சிலிக்கானுக்கும் அடித்தகட்டுக்கும் இடையே சில டிகிரிதான் வித்தியாசம். உள்ளே 165 என்றால் தகட்டில் 155-க்கு மேல். அதாவது சிப் அணைவதற்கு முன்பே அதன் அடியில் இருந்த சால்டர் உருகியிருந்தது. மூன்றாவது சோதனையில் ஒரு வெளியீட்டுக் கால், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே விட்டது. காயில் அறுந்த அந்த நொடியில் சிப் போயிற்று. கழற்றிப் பார்த்தால் கால்களில் சால்டர் மணல்போல் சொரசொரப்பாக இருந்தது. சூடு தின்னும் சிப்புகளுக்குப் பிஸ்மத் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். 183-இல் உருகும் ஈயம் கலந்த 63/37 அல்லது 217-இல் உருகும் ஈயமில்லாதது. மற்ற இரண்டு போர்டுகளும் 63/37-இல் செய்தவை.

இரண்டாவது போர்டு: வாசல் திறந்தது, சால்டர் ஓடிப்போனது

அடித்தகட்டின் கீழ் 3-க்கு 3 வரிசையில் ஒன்பது வயா, துளை 0.3 மி.மீ. சுவரில் 25 மைக்ரான் தாமிரம் இருந்தால் 1.6 மி.மீ. போர்டில் ஒரு வயா வாட்டுக்கு 160 டிகிரி தடுக்கும். ஒன்பதும் சேர்ந்தால் 18. பலகையின் 500-ஐ நினைத்தால் எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும்.

ஒரு எச்சரிக்கை. வரையும் மென்பொருள் கிரவுண்ட் தாமிரத்தோடு வயாவை இணைக்கும்போது தானாகவே நாலு மெல்லிய பாலங்களாக இணைக்கும், கை சால்டருக்கு வசதியாக இருக்கட்டும் என்று. இந்த வயாக்களுக்கு அதை அணைத்துவிட்டு முழு இணைப்பாக மாற்ற வேண்டும். போர்டை அனுப்புமுன் கடைசி நிமிடத்தில்தான் இதைப் பார்த்தேன்.

பேஸ்ட்டைத் தடவும் துளைத் தகடான ஸ்டென்சில் 0.12 மி.மீ. எஃகு. அடித்தகட்டுக்கு முழுச் சதுரத் திறப்பு வைத்ததில் முதல் சிப் தெப்பம்போல் மிதந்தது. நடுவில் பேஸ்ட் அதிகமாகிச் சிப்பைத் தூக்கியதால் ஓரக் கால்களில் இரண்டு போர்டைத் தொடவே இல்லை. பக்கத்தில் சால்டர் உருண்டைகள். ஸ்டென்சிலை மாற்றி, ஒரே சதுரத்துக்குப் பதில் சன்னல் கட்டம்போல் நாலு சதுரம், ஒவ்வொன்றும் 1.2 மி.மீ., இடைவெளி 0.3 மி.மீ. என்று வைத்தேன். தகட்டின் பரப்பில் 58 சதவீதம்தான் பேஸ்ட். சிப் தட்டையாக உட்கார்ந்தது. இடைவெளிகள் வழியாகப் பேஸ்ட்டின் ஆவியும் வெளியேறுகிறது.

கழற்றிப் பூட்டியதில் இரண்டு சிப் வீண். ஹாட் ஏரில் 'பட்' என்று ஒரு மெல்லிய சத்தம், மேற்பரப்பில் மயிரிழை விரிசல். எபாக்ஸி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். 200 டிகிரிக்கு மேல் அது நீராவியாகிப் பேக்கேஜைப் பிளக்கும். மாதக்கணக்கில் திறந்து கிடந்த சிப்புகளைப் பிளாஸ்டிக் பட்டையிலிருந்து எடுத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் 125 டிகிரியில் ஒன்பது மணி நேரம் வைத்த பிறகு இது நடக்கவே இல்லை. பிளாஸ்டிக் பட்டையோடு அடுப்பில் வைத்தால் பட்டை உருகிச் சிப்பில் அப்பிக்கொள்ளும்.

சூட்டுத் தட்டில் எடுத்த நேரம்: 150 டிகிரிக்கு ஒன்றரை நிமிடத்தில் ஏற்றம், அங்கே ஒரு நிமிடம் நிறுத்தம், பிறகு 215 வரை, 183-க்கு மேல் மொத்தம் 50 விநாடி. உருகிய நிலையில் சிப்பை ஊசிமுனையால் ஒரு ஓரத்தில் மெல்லத் தள்ளினால் தானே பழைய இடத்துக்குத் திரும்பும். திரும்பினால் அடித்தகட்டில் சால்டர் பிடித்துவிட்டது என்று பொருள்.

மூன்று சிப்புகளின் முடிவு, வாட்டுக்கு டிகிரியில்: 47, 49, 66. ஒரே போர்டு, ஒரே பேஸ்ட், ஒரே நாள். 66 காட்டியதைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் கண்ணெதிரே. அடித்தகட்டில் பாதிக்கும் குறைவான இடத்தில்தான் சால்டர் இருந்தது. மீதி, திறந்திருந்த வயாக்கள் வழியாக இறங்கி, போர்டின் கீழ்ப்பக்கம் சின்னச் சின்ன முத்துகளாகத் தொங்கியது. 0.3 மி.மீ. திறந்த வயா உருகிய சால்டரை உறிஞ்சிவிடும். சில சிப்புகளுக்கு ஓடாமல் தப்புவது வெறும் அதிர்ஷ்டம்.

கையில் இருக்கும் போர்டைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. சிப்பை வைக்குமுன்பே, கீழ்ப்பக்கத்திலிருந்து அயர்னால் ஒன்பது வயாக்களையும் சால்டரால் நிரப்பி, மேல்பக்கத்தில் சால்டர் விக்கால் (சால்டரை உறிஞ்சும் தாமிரப் பின்னல்) தேய்த்துச் சமமாக்குவது. பிறகுதான் ஸ்டென்சில். இப்படி மறுபடி வைத்ததில் 66 என்பது 50 ஆனது. சால்டரின் கடத்துதிறன் தாமிரத்தில் ஏழில் ஒரு பங்குதான், ஆகவே நிரப்பியதால் வயாவின் திறன் கொஞ்சம்தான் கூடும். உண்மையான லாபம், அடித்தகட்டின் சால்டர் அடித்தகட்டிலேயே தங்குவது.

இதுவரை ஒவ்வொரு சிப்பாக ஓட்டிய கணக்கு. மூன்றையும் சேர்த்து 1.06 ஆம்பியரில் ஓட்டியபோது நடுவில் இருந்தது ஒன்பதாவது நிமிடம் அணைந்தது. மூன்றும் ஒரே தாமிரத்தைப் பங்கு போடுகின்றன. நடுவில் இருப்பவனுக்கு இரண்டு பக்கமும் அனல். தனியாக 48 வந்தது என்று மகிழ்ந்தது அவசரம். எத்தனை சிப் சேர்ந்து ஓடுமோ அத்தனையையும் சேர்த்தே அளக்க வேண்டும். போர்டு மட்டுமே காற்றுக்குச் சூட்டை விடுவது போதாது, பெட்டியின் உலோகத்துக்குப் பாதை வேண்டும் என்பது இங்கேதான் முடிவானது.

மூன்றாவது போர்டு

மாற்றங்கள் நாலு. தடிமன் 1.6-இலிருந்து 1.0 மி.மீ.; வயாவின் நீளம் குறைவதால் ஒன்றின் தடை 160-இலிருந்து 100 ஆகிறது. ஒன்பது வயா 4-க்கு 4, பதினாறாக ஆனது, இடைவெளி 0.75 மி.மீ.; எல்லாம் சேர்ந்து 6.3 டிகிரிதான். கீழ்ப்பக்கத்தில் வயாக்களைப் போர்டின் பச்சைக் காப்புப் பூச்சான மாஸ்க்கால் மூடச் சொன்னேன். மூன்று சிப்புகளையும் 22 மி.மீ. இடைவெளியில் ஒரே வரிசையில், போர்டின் ஓரத்துக்கு நகர்த்தினேன்.

மாஸ்க்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சூடு இறங்க வேண்டுமானால் கீழ்த் தாமிரம் அம்மணமாக இருக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். இரண்டாவது போர்டில் அப்படித்தான் திறந்து விட்டிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் 25 மைக்ரான் மாஸ்க், ஒரு சதுர செ.மீ.க்கு வாட்டுக்கு ஒரு டிகிரிதான் தடுக்கிறது. காற்றில் நிற்கும் போர்டுக்கு மாஸ்க் இருப்பதே நல்லது, பளபளக்கும் உலோகத்தைவிட அது நன்றாகச் சூட்டைக் கதிர்வீசும். வயாவை மூடுவதால் சால்டர் ஓடுவதும் நிற்கிறது. ரெசின் நிரப்பி மேலே தாமிரம் பூசித் தரும் முறை இன்னும் சுத்தமானது. ஆனால் ஐந்து போர்டுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

தனியாக, காற்றில், 1.06 ஆம்பியரில்: ஜோடித் தடை 0.907 ஓம், உள்வெப்பம் 116, சூடு 2.04 வாட். வாட்டுக்கு 41. மூன்று சிப்பிலும் வித்தியாசம் 2 டிகிரிக்குள். எண்ணைவிட இந்த ஒற்றுமைதான் எனக்கு முக்கியம்.

இனிப் பெட்டிக்கு. பெட்டி 150-க்கு 100-க்கு 50 மி.மீ. வார்ப்பு அலுமினியம். போர்டு 5 மி.மீ. ஸ்பேசர்களில் நிற்கிறது. சிப் வரிசைக்கு நேர் கீழே 70-க்கு 20 மி.மீ., 4 மி.மீ. தடிமன் அலுமினியப் பட்டை, பெட்டியின் தரையில் இரண்டு எம்3 திருகு, இடையில் மெல்லிய தெர்மல் பேஸ்ட். பட்டைக்கும் போர்டுக்கும் இடையே மிஞ்சுவது 1 மி.மீ.; அதை நிரப்பச் சிலிகோன் பேடு. அடித்தகடு கிரவுண்டில்தான் இருக்கிறது, பட்டையும் பெட்டியும் கிரவுண்ட், ஆகவே மின்காப்பு பற்றிக் கவலை இல்லை. அடித்தகடு வேறு மின்னழுத்தத்தில் இருக்கும் சிப்புகளும் உண்டு, அவற்றுக்கு இதை அப்படியே செய்யக் கூடாது.

முதலில் 2 மி.மீ. பேடு வைத்தேன். நன்றாக அழுந்தினால் நன்றாகத் தொடும் என்ற எண்ணம். 2-ஐ 1-ஆக நசுக்க வேண்டியிருந்ததால், திருகுகளை இறுக்கியதும் 1.0 மி.மீ. போர்டு நடுவில் மேல்நோக்கி வளைந்தது. இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் அரை மி.மீ.க்கு மேல் இடைவெளி. அரை மணி நேரம் கழித்து மோட்டார் சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 3 ஓம். சிப் போய்விட்டது என்று நினைத்து ஒன்றைக் கழற்றப் போய், நல்ல வேளை, முதலில் கெப்பாசிட்டர்களைத் தூக்கிப் பார்த்தேன். 1210 அளவு, 10 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்று உள்ளுக்குள் விரிந்திருந்தது. செராமிக் கெப்பாசிட்டர் வளைவைத் தாங்காது. வளையும் திசைக்கு நீளவாக்கில் பெரிய கெப்பாசிட்டர் இருந்தால் அதுதான் முதலில் உடையும். திருகுத் துளைக்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் சீக்கிரம்.

1.5 மி.மீ. பேடுக்கு மாறியதும் மூன்றில் ஒரு பங்கு அழுத்தம்தான், போர்டு நேராக நிற்கிறது. ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 3 வாட் என்று குறித்த சாதாரணப் பேடே போதும். ஒரு சிப்புக்கு 20 மி.மீ. சதுரம் கிடைப்பதால் அதன் பங்கு வாட்டுக்கு ஒரு டிகிரிக்கும் குறைவு. விலை மூன்று மடங்கான 12 வாட் பேடு வாங்கியிருந்தால் உள்வெப்பத்தில் ஒரு டிகிரி சொச்சம்தான் குறைந்திருக்கும். அந்தப் பணம் மெல்லிய போர்டுக்கும் கூடுதல் வயாவுக்கும் போனால் அதைவிடப் பலன். பேடின் இரண்டு பக்கப் படலத்தையும் உரித்துவிட்டோமா என்று பாருங்கள்; ஒரு பக்கம் நிறமில்லாத படலம், கண்ணுக்குத் தப்பும். பக்கத்தில் துளை வழியாக வரும் பாகங்களின் கால்களை 1 மி.மீ.க்கும் குறைவாக வெட்டிவிட வேண்டும், இல்லையேல் பேடைக் குத்திக்கொண்டு பட்டையைத் தொடும்.

மூடி போட்டு, மூன்றையும் சேர்த்து, 1.06 ஆம்பியரில் இரண்டு மணி நேரம்: அறை 32, பெட்டித் தரை 51, நடுச் சிப்பின் ஜோடித் தடை 0.785 ஓம், அதாவது 78 டிகிரி. சிப்புக்கு 1.76 வாட். உள்ளிருந்து பெட்டித் தரை வரை வாட்டுக்கு 15 டிகிரி. குளிர்ச்சியாக இருப்பதால் தடையும் குறைகிறது, அதனால் உண்டாகும் சூடே குறைகிறது; காற்றில் 2.04 வாட் எரித்த அதே சிப் இங்கே 1.76.

பிறகு உண்மையான மோட்டார்கள், ரெஃபரன்ஸ் 1.2 வோல்ட்டுக்கு இறக்கம், ஆறு மணி நேர ஓட்டம். ஓட்டம் நறுக்கப்படுவதால் தடையை அளக்க முடியாது. அதனால் சிப்பின் மேல் ஒட்டியிருந்த தெர்மோகப்பிளை ஒப்பிட்டேன்: ரெசிஸ்டர் சோதனையில் 74, மோட்டாரோடு 80. உள்ளேயும் அதே அளவு கூடியிருக்கும், 84. கோடையில் அறை 38 ஆனாலும் 90-ஐ ஒட்டியே நிற்கும். மேற்பரப்பு எண்ணிலிருந்து உள்வெப்பத்தைக் கணக்கிட டேட்டாஷீட்டில் இருக்கும் 'ஜங்ஷனிலிருந்து கேஸுக்கு' என்ற எண்ணைப் பெருக்காதீர்கள். எல்லாச் சூடும் அந்தப் பக்கமாகவே போனால்தான் அது பொருந்தும். இங்கே மேல்பக்கம் போவது மிகச் சொற்பம்.

செலவு: முதல் இரண்டு போர்டுகள் ஐந்தைந்தாக 900 வீதம், மூன்றாவது 1,150. ஸ்டென்சில் 750. சிப் பன்னிரண்டு, 110 வீதம் 1,320; அதில் மூன்று பலி. சோதனை ரெசிஸ்டர்கள் 360, ஹீட் சிங்க் 60, பட்டை 90, 1.5 மி.மீ. பேடு 420, வீணான 2 மி.மீ. பேடு 480. மொத்தம் 6,430 ரூபாய். தெர்மோகப்பிளும் பெட்டியும் ஏற்கெனவே இருந்தவை. இரண்டு சில்லறைச் சாமான்கள் தவிர மற்ற பாகங்கள் எல்லாம் சென்னை ரிச்சி தெருவிலேயே கிடைத்தன, 1.5 மி.மீ. பேடு மட்டும் அங்கே கடை கடையாகத் தேட வேண்டியிருந்தது, எல்லோரிடமும் 0.5-உம் 1-உம்தான்.

அடுத்த போர்டில் மாற்றப் போவது: அடித்தகட்டுக்கு வெளியேயும், கால்களுக்கு இடையில் இடம் கிடைக்கும் மூலைகளில், நாலைந்து வயா. செராமிக் கெப்பாசிட்டர்களைப் பட்டைக்கு நேர் மேலே வைக்காமல் 90 டிகிரி திருப்பி உள்பக்கம் தள்ளுவது. சிப் வரிசையின் இரு முனையிலும் மட்டும் இருந்த ஸ்பேசர், நடுவில் ஒன்று கூடுதலாக. ஒவ்வொரு சிப்பின் வெளியீட்டுக் காலுக்கும் சென்ஸ் காலுக்கும் பக்கத்தில் ஒரு மி.மீ. சோதனைப் புள்ளி; 0.5 மி.மீ. இடைவெளிக் கால்களில் மீட்டர் முனை வழுக்கி இரண்டு முறை ஷார்ட் ஆனது. சப்ளையின் ஓட்ட வரம்பை 3 ஆம்பியரில் வைத்திருந்ததால் அப்போது எதுவும் போகவில்லை.